மருந்துக்கு அடங்காத கிருமியைக் கண்டறிவது எப்படி? ரத்தக் குப்பியிலிருந்து ஆய்வறிக்கை வரை: கொல்கத்தாவை முன்வைத்து ஒரு விளக்கம்

கொல்கத்தா: தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளியின் ரத்தத்தில் எந்தக் கிருமி உள்ளது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்க, வழக்கமான ஆய்வக முறையில் இரண்டு முதல் மூன்று நாட்கள் ஆகின்றன. அதுவரை மருத்துவர்கள் அனுபவத்தையும், அந்த மருத்துவமனையின் முந்தைய ஆய்வுத் தரவுகளையும் கொண்டே மருந்தைத் தேர்வு செய்கின்றனர். பன்மருந்து எதிர்ப்புத் திறன் பெற்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்கள் பரவியுள்ள இடங்களில் அந்தத் தேர்வு தவறிப்போகும் வாய்ப்பு அதிகம்.

இதில் அதிகம் பாதிக்கப்படுவோர் பச்சிளம் குழந்தைகள். பிறந்த சில நாட்களிலேயே ரத்தத்தில் கிருமித்தொற்று ஏற்படும் குழந்தைகள் குறித்து 'பர்னார்ட்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்வு 2015 முதல் 2018 வரை நடைபெற்றது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், நைஜீரியா, எத்தியோப்பியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளில், 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். இந்தியாவின் பங்கேற்பு கொல்கத்தாவில் இருந்தது. எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும், பேலியாகாட்டாவில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசிய காலரா மற்றும் குடல் நோய்கள் நிறுவனமும் இதில் இடம்பெற்றன.

2021-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, தொற்றுக்கான முதன்மைக் காரணம் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா. பச்சிளம் குழந்தைகளுக்கான முதல்நிலைச் சிகிச்சையாக உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஆகிய இரு மருந்துகளையும், கண்டறியப்பட்ட கிராம்-நெகட்டிவ் கிருமிகளில் பெரும்பான்மையானவை எதிர்த்து நின்றன.

கிராம்-நெகட்டிவ் என்றால் என்ன?

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் பணியாற்றியபோது 1884-இல் வெளியிட்ட சாயமேற்றும் முறையிலிருந்து வந்த பெயர் இது. கண்ணாடிச் சில்லில் பரப்பிய கிருமிகளுக்கு முதலில் ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் சேர்த்து, ஆல்கஹாலால் கழுவி, பின்னர் சிவப்புச் சாயம் ஏற்றுவர். தடித்த செல்சுவர் கொண்டவை ஊதா நிறத்தைத் தக்கவைத்துக்கொள்ளும், அவை கிராம்-பாசிட்டிவ். மெல்லிய சுவரும் அதற்கு வெளியே கொழுப்பாலான மற்றொரு சவ்வும் கொண்டவை ஊதாவை இழந்து இளஞ்சிவப்பாகத் தெரியும், அவை கிராம்-நெகட்டிவ். ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், டைஃபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லா, காலராவை உண்டாக்கும் விப்ரியோ ஆகியவை இவ்வகை.

அந்த வெளிச்சவ்வுதான் சிகிச்சையில் முதல் தடை. பல மருந்துகளால் அதைக் கடந்து உள்ளே செல்லவே முடிவதில்லை. நுழைந்துவிட்ட மருந்தையும் சில கிருமிகள் வெளியே இறைத்துவிடுகின்றன. வேறு சில, நொதிகளைச் சுரந்து மருந்தைச் சிதைக்கின்றன. இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையங்களில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு, இனம் கடந்தும் கைமாறுகின்றன.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்து வகைகளில், வகைக்கு ஒரு மருந்துக்கேனும் கட்டுப்படாத கிருமி 'பன்மருந்து எதிர்ப்பு' கொண்டது என்பது 2012 முதல் சர்வதேச அளவில் பின்பற்றப்படும் வரையறை. ஒன்றிரண்டு வகைகளைத் தவிர அனைத்தையும் எதிர்த்தால் அது அடுத்த படிநிலை. எதற்குமே கட்டுப்படாதது இறுதிப் படிநிலை.

கொல்கத்தாவும் கிருமி ஆய்வும்

இத்தகைய ஆய்வுகளில் கொல்கத்தாவுக்கு நெடிய தொடர்பு உண்டு. காலராவின் காரணத்தைத் தேடி 1883 டிசம்பரில் எகிப்திலிருந்து இங்கு வந்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், அடுத்த சில வாரங்களில் அந்தக் கிருமியைத் தனித்து வளர்த்துக் காட்டினார். நகரின் கிழக்கே பேலியாகாட்டா பகுதிக் குளத்து நீரிலும் அவர் அதைக் கண்டார். காலரா கிருமி நச்சுப்பொருளைச் சுரப்பதன் மூலமே நோயை உண்டாக்குகிறது என்பதை 1959-இல் மெய்ப்பித்தவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. அவரது கண்டுபிடிப்புக்கு உரிய அங்கீகாரம் மிகவும் தாமதமாகவே கிடைத்தது.

1962-இல் காலரா ஆராய்ச்சி மையமாகத் தொடங்கப்பட்ட பேலியாகாட்டா நிறுவனம், 1979-இல் தேசிய காலரா மற்றும் குடல் நோய்கள் நிறுவனமாகப் பெயர் மாறியது. அண்மையில் அதன் பெயர் தேசிய பாக்டீரியா தொற்று ஆராய்ச்சி நிறுவனம் என மீண்டும் மாற்றப்பட்டுள்ளது. நிறுவனத்தின் கவனம் குடல் நோய்களைத் தாண்டி எங்கு நகர்ந்துள்ளது என்பதை இந்தப் பெயரே காட்டுகிறது.

மருந்து எதிர்ப்பும் வங்கத்துக்குப் புதிதல்ல. 1984-இல் மேற்கு வங்கத்தில் பரவிய ரத்தபேதிக்குக் காரணமான ஷிகெல்லா கிருமி, அன்றைய வழக்கமான மருந்துகள் பலவற்றை எதிர்த்தது. 2002-இல் சிலிகுரி பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் தலைகாட்டியபோது, சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் அது கட்டுப்படவில்லை.

முதல் நாள்: குப்பியும் சாயமும்

ஆய்வின் தரம் ஆய்வகத்தில் அல்ல, நோயாளியின் படுக்கையருகே தீர்மானமாகிறது. பெரியவர்களின் ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் சில நேரங்களில் ஒரு கிருமிகூட இருக்காது. எனவே ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மி.லி. வரை, குறைந்தது இரண்டு இடங்களில் தனித்தனியே குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். பச்சிளம் குழந்தையிடம் ஒரு மி.லி. எடுப்பதே பெரும்பாடு, அங்கு கிருமி கண்ணில் படாமல் போகும் வாய்ப்பும் அதற்கேற்ப அதிகம்.

மருந்தின் முதல் தவணைக்கு முன்பே ரத்தம் எடுக்கப்பட வேண்டும் என்பது அடிப்படை விதி. நடைமுறையில் இது பெரிதும் மீறப்படுகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு வருவோரின் ரத்தத்தில் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். அப்போது 'கிருமி இல்லை' என்ற அறிக்கைக்குப் பொருள் 'நோய் இல்லை' என்பதல்ல.

குப்பிகள் உடல் வெப்பநிலையை ஒத்த சூட்டில், தானியங்கிக் கருவியில் வழக்கமாக 5 நாட்கள் வரை வைக்கப்படும். கிருமி பெருகும்போது வெளியிடும் கரியமில வாயுவை உணர்ந்து கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பும். கிராம்-நெகட்டிவ் கிருமிகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே பிடிபட்டுவிடுகின்றன. உடனே ஒரு துளி எடுத்துச் சாயமேற்றிப் பார்க்கின்றனர். இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரிந்தால், அறிக்கை அச்சாகும் வரை காத்திராமல் வார்டுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். 140 ஆண்டுகள் பழைய இந்தச் சோதனை சில நிமிடங்களில் தரும் தகவலுக்கு இணையாக, அதே செலவில் வேறொன்று இன்றுவரை வரவில்லை.

இரண்டாம் நாள்: வில்லைகளைச் சுற்றிய வட்டம்

குப்பியில் வளர்ந்தது மெக்கான்கி ஊடகத்தில் பூசப்படுகிறது. லாக்டோஸ் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா ஆகியவை அதில் இளஞ்சிவப்புத் திட்டுகளாக வளரும்; சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் நிறமற்று இருக்கும். மால்டி-டாஃப் எனப்படும் நிறைமாலைக் கருவி உள்ள ஆய்வகங்களில், கிருமியின் புரதங்களைக் கொண்டு அதன் பெயரைச் சில நிமிடங்களில் அறியலாம். அது இல்லாத இடங்களில் உயிர்வேதியியல் சோதனைகளுக்கு மேலும் ஒரு நாள் தேவைப்படும்.

பெயர் தெரிந்தாலும் மருந்து தெரியாது. அதற்கு கிர்பி-பாயர் முறை எனப்படும் வில்லைச் சோதனை உள்ளது. நிர்ணயிக்கப்பட்ட அடர்த்தியில் கரைக்கப்பட்ட கிருமியை, 4 மி.மீ. தடிமன் கொண்ட முல்லர்-ஹிண்டன் ஊடகத் தட்டில் சீராகப் பூசி, மருந்து தோய்ந்த காகித வில்லைகளை அதன்மேல் வைக்கின்றனர். 16 முதல் 18 மணி நேரத்துக்குப் பின், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டத்தின் விட்டம் அளக்கப்படுகிறது. ஈ.கோலை குடும்பக் கிருமிகளில் மெரோபெனம் வில்லைக்கு 23 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்துக்குக் கட்டுப்படும், 19 மி.மீ. அல்லது குறைவாக இருந்தால் எதிர்ப்பு. அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு வகுத்த அளவுகோல் இது. இந்திய ஆய்வகங்கள் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன.

எளிமையான இந்தச் சோதனை எளிதில் பிழையாகவும் கூடியது. ஊடகம் தடித்தால் வட்டம் சுருங்கும். கிருமிக் கரைசல் நீர்த்தால் வட்டம் பெருகும். ஈரப்பதம் பட்ட வில்லை வீரியம் இழக்கும். கொல்கத்தா, சென்னை போன்ற கடலோரத் தட்பவெப்பத்தில் கடைசிக் காரணத்தை அலட்சியப்படுத்த முடியாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வில்லைக் குழலை அறை வெப்பநிலைக்கு வரும் முன் திறந்தால், உள்ளே நீர் பூத்துவிடும். எனவேதான், எவ்வளவு வட்டம் வர வேண்டும் என முன்பே தெரிந்த ஏ.டி.சி.சி. 25922 என்ற ஈ.கோலை வகையைத் தரக்கட்டுப்பாட்டுக்காக உடன் சோதிக்கின்றனர்.

கொலிஸ்டின் என்ற விதிவிலக்கு

கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்து அளவை எண்ணாகவே கண்டறிவது மற்றொரு முறை. பெரிய மருத்துவமனைகளில் தானியங்கிக் கருவிகள் இதைச் செய்கின்றன. ஆனால், இறுதி ஆயுதமாகக் கருதப்படும் கொலிஸ்டின் மருந்துக்கு வில்லைச் சோதனையும் பொருந்தாது, பல தானியங்கிக் கருவிகளின் முடிவும் நம்பத்தக்கதல்ல. மருந்தின் மூலக்கூறு பெரியது என்பதால் ஊடகத்தில் சரியாகப் பரவுவதில்லை. பிளாஸ்டிக் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து சோதிக்கும் முறையையே அமெரிக்க, ஐரோப்பிய தர அமைப்புகள் 2016-இல் கூட்டாகப் பரிந்துரைத்தன.

2020-இல் சி.எல்.எஸ்.ஐ. மேலும் ஒரு படி சென்று, கொலிஸ்டினுக்கு 'கட்டுப்படும்' என்ற பிரிவையே நீக்கியது. 'இடைநிலை' அல்லது 'எதிர்ப்பு' என்று மட்டுமே இப்போது குறிப்பிட முடியும். இடைநிலை என்ற சொல்லைக் கண்டு உறவினர்கள் திகைப்பது இயல்பு. அந்த மருந்தின் பலன் வரம்புக்குட்பட்டது, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதே அதன் உட்பொருள். கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்கு கொலிஸ்டின் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

எந்த நொதி என்று ஏன் கேட்க வேண்டும்?

கார்பாபெனம் வகை மருந்துகள் பலனளிக்கவில்லை என்று தெரிந்த பின், எந்த நொதி அவற்றைச் சிதைக்கிறது என்பது அடுத்த கேள்வி. இதன் பின்னணியில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. புதுதில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம் 2008-இல் கண்டறியப்பட்ட என்.டி.எம்.-1 என்ற நொதி குறித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக இருந்த கட்டுரை 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழும இதழில் வெளியானது. சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என அந்த நொதி கொண்ட கிருமிகளை அது பட்டியலிட்டது.

நொதிக்குத் தலைநகரின் பெயர் சூட்டப்பட்டதற்கு இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெயர் குறித்த சர்ச்சைக்குக் கிடைத்த கவனத்தில் பாதியேனும் கிருமிக்கு அப்போது கிடைத்ததா என்பது ஐயமே. 2012-இல் சென்னையில் மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' அந்தக் கவனத்தைத் திருப்ப முயன்றது. கார்பாபெனம் உள்ளிட்ட 46 மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதித்து, விற்பனைப் பதிவேட்டைக் கட்டாயமாக்கிய 'எச்-1' அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

நொதியைக் கண்டறிய அதிகச் செலவில்லாத சோதனை ஒன்று உள்ளது. சந்தேகத்துக்குரிய கிருமியும் ஒரு மெரோபெனம் வில்லையும் திரவத்தில் 4 மணி நேரம் ஒன்றாக வைக்கப்படும். பிறகு அந்த வில்லையை எடுத்து, மருந்துக்கு எளிதில் கட்டுப்படும் வேறொரு கிருமி பூசிய தட்டில் வைப்பர். வில்லையில் மருந்து மிஞ்சியிருந்தால் பெரிய வட்டம் விழும். முதல் கிருமி மருந்தைத் தின்று தீர்த்திருந்தால் வட்டம் 15 மி.மீ.க்கு மேல் போகாது. துத்தநாக அயனியைப் பிணைக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த மற்றொரு குழாயில் வட்டம் 5 மி.மீ. அல்லது கூடுதலாக விரிந்தால், அது துத்தநாகத்தைச் சார்ந்து இயங்கும் என்.டி.எம். வகை நொதி என்று பொருள். அசினெட்டோபாக்டருக்கு இந்தச் சோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை. முடிவு மறுநாள்தான் தெரியும் என்பது இதன் குறை.

அந்த ஒரு நாளைக் குறைப்பவை விரைவுச் சோதனைகள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை ஒத்த கருவி, வளர்ந்த கிருமியில் ஐந்து முக்கிய நொதிகளை 15 நிமிடங்களில் அடையாளம் காட்டுகிறது. நொதிகளுக்கான மரபணுவை பி.சி.ஆர். முறையில் தேடும் கார்ட்ரிட்ஜ் சோதனைக்குச் சுமார் ஒரு மணி நேரம் போதும். பட்டியலில் இல்லாத நொதியையும், நொதியே இன்றிச் சவ்வு மாற்றத்தால் உருவான எதிர்ப்பையும் இவை காணாது விடும். ஆகவே விரைவுச் சோதனையில் எதுவும் தென்படவில்லை என்பதற்காக வில்லைச் சோதனையைக் கைவிட முடியாது. மறுபுறம், ஓ.எக்ஸ்.ஏ.-48 வகை நொதி மருந்தை மெதுவாகவே சிதைப்பதால், வில்லைச் சோதனை ஏமாறும் இடத்தில் மரபணுச் சோதனை கைகொடுக்கிறது.

சிகிச்சையே இதைப் பொறுத்து மாறுகிறது. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற விலை உயர்ந்த கூட்டு மருந்து, அமெரிக்காவிலும் இத்தாலி, கிரீஸ் நாடுகளிலும் அதிகம் காணப்படும் கே.பி.சி. நொதியையும், ஓ.எக்ஸ்.ஏ.-48 வகையையும் முடக்கும். ஆனால் என்.டி.எம். முன் அது பயனற்றது. இந்தியாவில் ஆதிக்கம் செலுத்துபவை என்.டி.எம்., ஓ.எக்ஸ்.ஏ.-48 வகை ஆகிய இரண்டும்தான். ஒரே கிருமியில் இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு. அத்தகைய நிலையில் அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்து உடன் சேர்க்கப்படுகிறது. என்.டி.எம். நொதியால் அஸ்ட்ரியோனமைச் சிதைக்க முடியாது. சிதைக்கக்கூடிய பிற நொதிகளை அவிபாக்டம் தடுத்துவிடும். நொதி எதுவெனத் தெரியாமல் தொடங்கப்படும் சிகிச்சையில் பல ஆயிரம் ரூபாயும், அதைவிட முக்கியமாக இரண்டு நாட்களும் வீணாகக்கூடும்.

கிருமி இருப்பது வேறு, நோய் வேறு

இந்தக் கிருமிகள் பலரது குடலில் எந்தத் தீங்கும் செய்யாமல் வாழ்கின்றன. மலக்குடல் துடைப்பு மாதிரியில் எதிர்ப்புக் கிருமி கண்டறியப்பட்டால், நோயாளியைத் தனிமைப்படுத்தவும் கைச்சுத்தத்தை இறுக்கவும் அது உதவும். மருந்து தொடங்குவதற்கு அதுவே காரணமாகாது. செயற்கைச் சுவாசக் குழாய், சிறுநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் மாதிரிகளும் அவ்வாறே. காய்ச்சலோ பிற அறிகுறியோ இல்லாதவரின் சிறுநீரில் கிருமி வளர்ந்ததற்காக, சில விதிவிலக்குகள் நீங்கலாக, மருந்து கொடுப்பது எதிர்ப்பை வளர்ப்பதில்தான் முடிகிறது.

அறிக்கையில் கவனிக்க வேண்டியவை

மருந்துப் பெயர்களுக்கு எதிரே உள்ள எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சிறிய எண் கொண்டதே சிறந்த மருந்து என்று கொள்வது பரவலான தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் வரம்பு வேறு. ஒன்றுக்கு 2 என்பது எதிர்ப்பாகவும், மற்றொன்றுக்கு 8 என்பது கட்டுப்படும் அளவாகவும் இருக்கலாம். சில எதிர்ப்புகள் பிறவியிலேயே வந்தவை: கிளெப்சியெல்லா எப்போதும் ஆம்பிசிலினை எதிர்க்கும், புரோட்டியஸ் எப்போதும் கொலிஸ்டினை எதிர்க்கும். இவை புதிய ஆபத்தின் அறிகுறிகள் அல்ல. சில அறிக்கைகளில் வலிமை மிக்க மருந்துகள் இடம்பெறாமல் இருப்பதும் உண்டு. எளிய மருந்தே போதுமானபோது பெரிய மருந்தை ஆய்வகம் வேண்டுமென்றே மறைத்து வைக்கும் நடைமுறை அது. கேட்டால் மருத்துவருக்குத் தெரிவிக்கப்படும்.

தனி அறிக்கைகள் தேசியத் தரவாகும்போது

ஒவ்வொரு அறிக்கையும் தேசியத் தரவின் ஒரு துளி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கொல்கத்தாவின் டாடா மருத்துவ மையம் உள்ளிட்ட மருத்துவமனைகள் பங்கேற்கின்றன. அதன் 2021 அறிக்கையின்படி, இமிபெனம் மருந்துக்குக் கட்டுப்படும் ஈ.கோலை கிருமிகளின் விகிதம் 2016-இல் 86 சதவீதமாக இருந்து 2021-இல் 64 சதவீதமாகக் குறைந்தது. கிளெப்சியெல்லாவில் அது 65-இலிருந்து 43 சதவீதமானது.

இந்தத் தரவு பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலிருந்து வருகிறது. கடும் நோயாளிகளும், பல மருந்துகளை ஏற்கெனவே பெற்றவர்களும் கூடும் இடங்கள் அவை. எனவே கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் சிறுநீர்த் தொற்றுக்கு இந்த விகிதங்களை அப்படியே பொருத்த முடியாது. பிளட் கல்ச்சர் வசதியே இல்லாத மாவட்ட, வட்ட மருத்துவமனைகளின் நிலை இந்தக் கணக்கில் மிகக் குறைவாகவே பதிவாகிறது.

உலக அளவில் 2019-ஆம் ஆண்டில் பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்பு நேரடிக் காரணமாக அமைந்த மரணங்கள் 12.7 லட்சம் என 'லான்செட்' இதழில் 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலக சுகாதார அமைப்பு 2024-இல் புதுப்பித்த முன்னுரிமைக் கிருமிகள் பட்டியலின் மிக ஆபத்தான பிரிவில், கார்பாபெனமை எதிர்க்கும் அசினெட்டோபாக்டரும், கார்பாபெனம் மற்றும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்துகளை எதிர்க்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா குடும்பமும் இடம்பெற்றுள்ளன. முந்தைய பட்டியலில் அதே பிரிவில் இருந்த சூடோமோனாஸ் ஒரு படி கீழே இறக்கப்பட்டுள்ளது.